நானூற்று எண்பத்தேழாம் மணி

தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காது' என்றால் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். புது எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் சோதனை அறையில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை. ஆறு வருடங்களுக்கு முன்பு, மீட்டர் எல்லாம் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தபோதே, "சத்தம் சரியில்ல" என்று சொல்லி ஓர் எஞ்சினை நிறுத்தினார். பிரித்துப் பார்த்தால், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டில் மயிரிழை விரிசல். அன்றைக்கு அவருக்குப் பெயரோடு ஓர் உரிமையும் கிடைத்தது. யாரையும் கேட்காமல் அவர் சோதனையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம்.

வீட்டில் கதையே வேறு. தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சொல்வாள்: "ஊருக்குத்தாங்க நீங்க காது. வீட்டுல மூணு தடவ கத்தினா ஒரு தடவ திரும்புறீங்க." கல்யாணமான ஆண்களுக்கெல்லாம் உள்ள வியாதிதானே என்று அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அவளும் விட்டுவிடுவாள். இரண்டு பேரும் அதை வேடிக்கையாகவே வைத்திருந்தார்கள்.

ஒரு சின்ன எஞ்சின் சோதனைக்கு வந்த அன்று, "இதுவா?" என்றுதான் கேட்டார். இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கினால் தூக்கிவிடலாம். மூன்றே சிலிண்டர். ஆயிரம் சிசிக்கு ஒன்று குறைவு. அதிலிருந்து நூற்றுப் பதினைந்து குதிரைத்திறன் வரும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தச் சக்திக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிய எஞ்சின் வேண்டும். காகிதம் எதையும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாளே வாயடைத்துப் போனார். இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப்புறம், முழு வேகத்தில், டர்போவின் வயிறு செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. தொள்ளாயிரம் டிகிரிக்கு மேல் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைத் தள்ளுகிறது. சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் தடவை சுற்றுகிறது. அதைச் சுமக்கும் தண்டின் தடிமன் ஒரு பென்சில் அளவு. அந்தத் தண்டையும் உலோகம் தாங்கவில்லை, மெல்லிய ஒரு படலம் எண்ணெய் தாங்குகிறது. இதெல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் நம்ப முடியாமல் நின்றார்.

ஐந்நூறு மணி நேரம் ஓட வேண்டும். முழு வேகம், பிறகு சுமையில்லாமல் சும்மா ஓட்டம். கொதிக்கும் தண்ணீர், உடனே குளிர்ந்த தண்ணீர், மறுபடி முழு வேகம். ஒரு குடும்பம் பல வருடம் ஓட்டித் தேய்ப்பதை மூன்றே வாரத்தில் தேய்த்துப் பார்க்கும் கொடுமை அது. மூன்று ஷிப்ட்டும் ஓடியது. நூறு தாண்டியது, முந்நூறு தாண்டியது. எண்ணெய் அழுத்தத்தின் கோடு படிய வாரிய தலைபோல் ஒரே சீராக இருந்தது. சும்மா ஓட்டத்தின்போது அவர் உள்ளே போவார். காது மூடியின் வலதுபக்கத்தை மட்டும் நகர்த்திவிட்டு, டர்போவின் அருகில் குனிந்து கேட்பார். அப்படிக் கூடாது என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தொழிலே அதுதான்.

நானூற்று எண்பத்தேழாம் மணி நேரத்தில், காலைத் தேநீர் முடிந்த கையோடு, ஊசிபோல ஒரு 'ங்ஙீ' கேட்டது. டர்போ தண்டின் பேரிங் தேயும்போது வருகிற அதே சத்தம். மீட்டர்களைப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. ஆறு வருடம் முன்பும் எதுவும் அசையவில்லையே.

சூட்டோடு நிறுத்தினால் உள்ளே எண்ணெய் கருகிவிடும். அதனால் முதலில் வேகத்தைக் குறைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டார். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போனார். எஞ்சின் நின்றிருந்தது. காற்றாடியை அணைத்தார். அறையில் ஓர் அசைவும் இல்லை. காது மூடியை முழுவதுமாகக் கழற்றினார்.

'ங்ஙீ' நிற்கவில்லை.

எஞ்சின்மேல் கையை வைத்தபடி நின்றார். வீட்டில் மனைவி கத்தியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. வலது காதைப் பொத்தினார். சத்தம் உள்ளேயே இருந்தது.

எஞ்சினை வடிவமைத்த பொறியாளர் ஓடிவந்தாள். முப்பது வயதுக்காரி, மூன்று வருடமாக இந்த எஞ்சினோடுதான் குடித்தனம். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சுண்ணா?"

"ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம்."

அவள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க சொன்னா சரிதான். பிரிச்சிடலாம்" என்றாள். நிறுத்தியதற்குக் காரணம் எழுதும் படிவத்தை அவரிடம் நீட்டினாள்.

அதில் இரண்டு கட்டங்கள். 'எஞ்சின்' என்று குறித்தால் சோதனை தோல்வி. பிரித்துப் போட்டுவிட்டு, புது எஞ்சினோடு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். 'ஆள் பிழை' என்று குறித்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஓட்டலாம். குறித்தவர் காரணமும் எழுத வேண்டும். காது பழுது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், சோதனை அறைக்குத் திரும்ப முடியாது. பேனா கையில் கனத்தது. அவரைச் சந்தேகப்பட ஆளே இல்லை, அதுதான் கொடுமை. அவர் சொன்னால் அத்தனை பேரும் நம்புவார்கள். பிரித்துப் பார்த்து ஒன்றும் இல்லையென்றாலும், 'காது' நேரத்தோடு நிறுத்திவிட்டார் என்றுதான் பேச்சு இருக்கும்.

கண்ணாடி வழியாக எஞ்சினைப் பார்த்தார். நானூற்று எண்பத்தேழு மணி நேரம் எரித்திருக்கிறோம், உறைய வைத்திருக்கிறோம், ஒரு முறைகூட முனகாத ஜீவன். அதன்மேல் பழி போட அவருக்கு மனம் வரவில்லை.

'ஆள் பிழை' என்ற கட்டத்தில் குறியிட்டார். கீழே எழுதினார்: 'சத்தம் எஞ்சினில் இல்லை. என் வலது காதில்.'

அவள் அதைப் படித்தாள், மறுபடியும் படித்தாள். "அண்ணா, இத எழுதினா..."

"தெரியும் மேடம். முதல்ல வண்டியக் கிளப்புங்க. ஒரு மணி நேரம்தான் இருக்கு."

எஞ்சின் முழு வேகத்துக்கு வந்தபோது அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். எஞ்சினின் அதிர்வு சீராக வந்தது.

"ஒரு உதவி மேடம். சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நான் அத நெஜமா கேட்டே ரொம்ப நாளாச்சுன்னு நெனைக்கிறேன்."

பொறியாளர்களுக்கு எண்களில்தான் பேச வரும். அவள் கண்ணை மூடி யோசித்தாள். "புதுத் துணியில கத்தரிக்கோல் ஓடுமே, எங்கயும் சிக்காம. அந்த மாதிரிண்ணா."

அந்தச் சத்தம் அவர் வீட்டுச் சத்தம். அவர் தலையாட்டினார்.

மிச்சப் பதின்மூன்று மணி நேரமும் ஓடி முடிந்தது. மருத்துவர் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை, அந்தக் காது திரும்ப வராது. அவரைப் பாகங்களை அளவு பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே முதல் வேலையாக வந்தது அதே எஞ்சின், பிரித்துப் போட்ட நிலையில். சிலிண்டர் சுவரில் விளக்கை அடித்துப் பார்த்தார். தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த நுண்ணிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன, நேற்றுப் போட்டது மாதிரி. நகத்தால் வருடிப் பார்த்தார். டர்போ தண்டை விரலால் சுண்டினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மனிதன் செய்த பொருளா இது என்று தோன்றியது. தோன்றியதை வாய்விட்டே சொன்னார்.

சோதனை அறிக்கையின் நகல் ஒன்றைப் பொறியாளர் அவருக்கும் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி தையலை நிறுத்திவிட்டு, இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டபடி, அவருடைய இடதுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அவர் கடைசி வரிகளை வாசித்தார்.

"ஐந்நூறு மணி நேரத்தில், எஞ்சின் பிழையால் நின்றது: பூஜ்யம் முறை. ஆள் பிழையால் நின்றது: ஒரு முறை."

"அந்த ஒண்ணு நீங்களா?"

"நான்தான்."

அவள் காகிதத்தை வாங்கி, பூஜ்யம் என்று இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள், கத்தாமல்.