ரெய்லீன் வாசலில் நின்று வாங்கிய வேலை

மோர்வெல் ஊரில் மர ஆலையை மூடியபோது ரெய்லீன் டாக்குக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடம் பெரிய ரம்பத்தை ஓட்டியவள். அடுத்த ரம்பம் என்னுடையது. அவளோடு வேலை செய்வது சுலபமில்லை. யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவாள். முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அரசு உதவித்தொகை வேண்டுமென்றால் மாதம் இருபது வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து மாதத்தில் நூறு அனுப்பினாள். நாய்க்கு முடி வெட்டும் கடையைக்கூட விடவில்லை. நான்கு பேர் ‘மன்னிக்கவும், வேலை இல்லை’ என்று பதில் போட்டார்கள். மற்றவர்கள் அதுவும் இல்லை.

பிறகு வேலைவாய்ப்பு முகவர்கள் எங்கள் இருவரையும் வேலை தேடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். நடத்தியவன் ட்ரென்ட், முப்பதைத் தொடாதவன். ஆறாவது வாரம், ரெய்லீனின் பயோடேட்டாவை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

“ரம்பம், ரம்பம், ரம்பம்... இத எவன் படிப்பான்? வருஷத்தையெல்லாம் எடுத்துடுங்க, ரெய்லீன். வயசு தெரியுது.”

“முகத்த எங்க வச்சிட்டுப் போறது?”

யாரோ சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. “இப்படிப் பேசினா யாரும் வேல தர மாட்டாங்க.”

“சரி, நீ பேசு. இந்த ரூம்ல உக்காந்துட்டுப் போனவங்கள்ல எத்தன பேருக்கு வேல கெடச்சுது?”

“அது இங்க தேவையில்லாத கேள்வி.”

“ஆறு வாரமா பஸ் புடிச்சு வர்றேன். எனக்குத் தேவையான ஒரே கேள்வி அதுதான்.”

வெளியே போகச் சொன்னான். வகுப்புக்கே வரவில்லை என்று பதிந்தும் விட்டான். உதவித்தொகை நின்றது. தொலைபேசியில் கத்தி அதை மீட்க இரண்டு வாரம் ஆயிற்று.

அந்த இரண்டு வாரத்தில் அவள் தேடும் விதத்தையே மாற்றினாள். கடமைக்கு அனுப்பும் இருபதை ஒரே காலையில் தட்டி முடித்தாள். சுற்றுவட்டாரத்தில் ரம்பம் ஓடும் இடங்கள் ஐந்து என்று எழுதிக்கொண்டாள். பகல் ஷிப்ட் முடியும் மூன்று மணிக்கு அவற்றின் வாசலில் போய் நின்றாள். வெளியே வருகிறவர்களிடம் வேலை கேட்கவில்லை. “எந்த மெஷின் படுத்துது? யாரு வேலைய விட்டு நிக்கப்போறாங்க?” என்று கேட்டாள். இரண்டு இடத்தில் காவலாளி விரட்டினான். மூன்றாவது, சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள் செய்யும் பட்டறை. அன்று நான்தான் காரில் கூட்டிப்போனேன். ரம்பக்காரர் தோள்பட்டை ஆபரேஷனுக்காக வேலையை விட்டே நிற்கப்போகிறார், இன்னும் விளம்பரம் கொடுக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். மேற்பார்வையாளர் டெஸ் கோல் என்றும் சொன்னார்.

டெஸ் எங்கள் பழைய ஆலையில் இருந்தவன். ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறான் என்று ரெய்லீன் புகார் எழுதித்தான் அவன் வேலை போனது.

“வா, வீட்டுக்குப் போயிடலாம்” என்றேன்.

“நீ போ” என்று உள்ளே நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

டெஸ் நாற்காலியிலிருந்து எழவில்லை. “எவ்ளோ திமிர் இருந்தா இங்க கால வைப்ப?”

“உனக்கு ஆள் வேணும், எனக்கு வேல வேணும். உன் மூஞ்சியப் பாக்க வரல.”

“மறுபடி என் மேல எழுதிப் போட மாட்டேன்னு சொல்லு.”

“மூடியக் கழட்டினா எழுதுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

டெஸ் எழுந்து பட்டறைக்குள் நடந்தான். பிறகு, பத்து நாளாகப் பலகையைக் கோணலாக வெட்டிக்கொண்டிருந்த ரம்பத்தைக் கைகாட்டினான். அவள் நாற்பது நிமிடத்தில் அதை நேராக்கினாள்.

“திங்கக்கிழம ஆறு மணி. லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிடு.”

விஷயம் தெரிந்ததும் ட்ரென்ட் போனில் கூப்பிட்டான். அவர்கள் வாங்கிக்கொடுத்த வேலையாக அரசிடம் காட்டிக் காசு வாங்கச் சம்பளச் சீட்டு வேண்டுமாம்.

“நீ வாங்கிக் குடுத்தது ரெண்டு வாரப் பட்டினி. அதுக்குச் சீட்டு இல்ல” என்று வைத்துவிட்டாள்.

மூன்று வருடமாகிறது. அவளும் டெஸும் இன்றுவரை ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடுவதும் வேறுவேறு மேஜையில்தான். அவளுக்கு வேலை கிடைத்த வாரமே நான், அவள் எழுதிவைத்த ஐந்து இடங்களில் கடைசி இடத்தின் வாசலில் ஒன்பது நாள் நின்றேன். பத்தாம் நாள் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள்.