பெற்றவள் நிற்காத வரிசை

ராஜரத்தினம் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே அவனுடைய சென்ட் வாசம் நுழைந்துவிடும். நியாலாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைப் பழம் புளித்த வாடையிலேயே வளர்ந்த எங்களுக்கு அது பெரிய அதிசயம். அந்த வாசத்துக்கே பாதிப் பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனைப் பெற்ற காமாட்சி ஆயா எங்கள் வீட்டுக்குப் பின்னால், 'ஸ்டோர்' என்று நாங்கள் சொல்லும் தகரக் கொட்டகையில் கிடந்தாள். மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று மகன் வெளியே அனுப்பிவிட்டான். கஞ்சி ஊற்றியது அக்கம்பக்கம்தான். அதற்காக அவனைத் திட்டாத வாய் தோட்டத்தில் கிடையாது.

அந்த வருடம் தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மாற்று வீடு கேட்டு நிர்வாகத்தோடு பேச ஒரு தலைவர் வேண்டும். ராஜரத்தினமும், சொன்ன சொல் தவறாத லாரி டிரைவர் முனியாண்டி மாமாவும் போட்டியிட்டார்கள். ஓட்டுச்சீட்டெல்லாம் கிடையாது, பந்துத் திடலில் இருவரும் நிற்க, பிடித்தவர் பின்னால் போய் வரிசை கட்ட வேண்டும்.

முதலில் போனது காமாட்சி ஆயா. மகனைத் தாண்டிப்போய் முனியாண்டி மாமாவின் பின்னால் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பெத்தவளையே வீட்டுல வச்சுக்காதவன், உங்களுக்கா வீடு வாங்கிக் குடுக்கப் போறான்?"

அதைக் கேட்டு எங்கள் சனம் என்ன செய்தது தெரியுமா? தலையைக் குனிந்தபடி, ஒவ்வொருவராக மகன் பின்னாலேயே போய் நின்றது. அதில் என் அப்பாவும் அடக்கம். வீட்டில் அம்மா பிடித்துக் கேட்டதற்கு, "அது அவன் குடும்ப விஷயம்லா. முனியாண்டிக்கு ஆபீஸ்ல நின்னு பேச வருமா? இவன் இங்கிலீசுல பொளந்து கட்டுவான்" என்றார். சொரணை கெட்ட சனம்! கெட்டவன் என்று தெரியாமல் ஏமாந்திருந்தால்கூடப் பரிதாபப்படலாம். தெரிந்தே, அந்தக் கெட்ட புத்தி தங்களுக்காக வேலை செய்யும் என்று நம்பிய பேராசைக்கு என்ன பெயர் வைப்பது?

பொளந்துதான் கட்டினான். அவனுக்குப் பெரிய மூலை வீடு கிடைத்தது, எங்களுக்கு "கொஞ்சம் பொறுங்க". ஆயா அந்தக் கொட்டகையிலேயே செத்தாள். அன்றைக்கும் மைக்கைப் பிடித்துத் தாயன்பு பற்றிப் பேசினான் பாவி.

இன்று லயமும் இல்லை, திடலும் இல்லை. வேலி போட்ட புதுத் தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. நாங்கள் சுங்கை ஊடாங்கில் வாடகை பிளாட்டில் இருக்கிறோம். பெரிய தேர்தலில் நிற்கும் ராஜரத்தினம் போன வாரம் அங்கேயே ஓட்டுக் கேட்டு வந்தான். பழைய தோட்டத்துச் சனம் மாலையும் கையுமாக முந்தியடித்தது. அப்பாவும் முட்டிவலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வெட்கமாக இல்லையாப்பா என்று கேட்டேன்.

"சும்மா இரும்மா. நம்ம தோட்டத்து ஆளுலா. இந்தத் தடவையாச்சும் ஒரு வீடு குடுக்க மாட்டானா?"