நாலு நிமிடப் பாட்டில் என் மகள் அழுகிறாள்

புது ஆல்பங்களைக் கேட்டுக் கருத்து எழுதுகிறவளுக்குக் காதுதான் பிழைப்பு. அந்தக் காது வழியாகவே ஒருநாள் வீட்டுக்குள் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. போன செவ்வாய்க்கிழமை, இருட்டி அரை மணி நேரம் இருக்கும். பத்து மாதக் குழந்தை ரூத் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அழுகை தெருவிலிருந்து கேட்டது.

வேறு குழந்தையின் அழுகை இல்லை. இவளுடையதேதான். மூன்று வீறல், ஒரு விக்கல், பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து நீளமாக ஒன்று. தோளில் மூச்சு சீராக ஏறி இறங்குகிறது, கீழே தெருவில் வீறிடுகிறாள். குனிந்து இவள் வாயைப் பார்த்தேன், மூடியிருந்தது. மறுபடி அதே மூன்று, அதே இடத்தில் அதே விக்கல். இந்தத் தடவை அடியில் டிரம்ஸும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் என்னவென்று புரிந்தது.

சினிமாப் பக்கம் போகாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, படுக்கையறையில் பதிவு செய்து வெளியிடும் பிள்ளைகளின் பாட்டுகளுக்கு ஓர் இணைய இதழில் கருத்து எழுதுகிறவள் நான். இதே பாவத்தைச் செய்துகொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். கணவர் ஜெரால்டுக்கு இரண்டாவது ஷிப்ட். அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பெற்றவளின் போன்

ராஜகீழ்ப்பாக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு ஆல்பம் போட்டார்கள். எட்டுப் பாட்டு, எட்டும் தனிமையைப் பற்றி, எட்டையும் ஐந்து பேரும் சேர்ந்து கோரஸாகப் பாடியிருந்தார்கள். "தனிமையை இத்தனை கூட்டமாக யாரும் அனுபவித்து நான் கேட்டதில்லை" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததற்குக் கூலி மூன்றாம் நாள் மதியம் கிடைத்தது. ரூத்துக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கிறேன், போன். பாடகனின் அம்மா. எப்படியோ நம்பரைப் பிடித்துவிட்டார். பையன் ரெண்டு நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறானாம். நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். கடைசியில் அவர் கேட்டார்: "நீயும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானேம்மா? நாலு வரி நல்லதா எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?"

பொழிச்சலூர்க் காடு

இன்னொருவர் நாற்பது நிமிடம் காட்டின் அமைதியை மட்டும் பதிவு செய்து, மேலே லேசாகப் புல்லாங்குழல் வாசித்து அனுப்பினார். கொல்லிமலையில் மூன்று நாள் தங்கி எடுத்ததாக உருக்கமான குறிப்பு வேறு. எனக்கு விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் நாத்தனார் வீடு. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும் சத்தம் எனக்கு மனப்பாடம். அமைதியின் பதினோராவது நிமிடத்தில் அது போனது. பதினெட்டில் இன்னொன்று. நிமிடக் கணக்கோடு எழுதினேன். அவரிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது: "அக்கா, காட்டு மேலயும் பிளேன் போகும்ல?"

இடது காது

இவ்வளவு சாமர்த்தியசாலி சறுக்கிய இடம் இது. கான்வென்ட்டில் நான் பாடல் குழுவில் நின்றவள். முப்பது பேர் பாடும்போது சுதி விலகினது யார் என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. ஆனால் ரூத் பிறந்த பிறகு என் கேட்கும் முறை மாறிவிட்டது. ஹெட்போனை இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன். வலது காது தொட்டிலுக்கு. அவள் சிணுங்கினால் ஓட வேண்டுமே.

'ஈரமணல்' என்று ஒரு குழு, தாம்பரத்துப் பையன்கள். முதல் ஆல்பம். டி-ஷர்ட்டும் ஸ்டிக்கரும் கூரியரில் வந்தன. இப்படி அனுப்புவது வழக்கம், அதற்காக வீட்டு முகவரியைக் கொடுத்து வைப்பதும் வழக்கம். சேலையூர், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு, மாவுக்கடை மாடி என்று நானே சந்தோஷமாகக் கொடுத்திருந்தேன். ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். கிடாரே இல்லை. "கிடார் வாசிப்பவர் என்று அட்டையில் ஒருவர் நிற்கிறார், போட்டோவுக்கு மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறார் போல" என்று எழுதினேன். அந்த வரியைத்தான் எல்லாரும் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள்.

கிடார் இருந்தது. ஆல்பம் முழுக்க, ஒன்பது பாட்டிலும் இருந்தது. அதை வலது பக்கம் மட்டும் கேட்கும்படி வைத்திருந்தார்கள். நான் தொட்டிலுக்குக் கொடுத்திருந்த பக்கம். வாசித்தவன் பெயர் விக்னேஷ். திட்டவில்லை, சபிக்கவில்லை. இவ்வளவுதான் அனுப்பியிருந்தான்: "நான் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தேன் அக்கா. நீங்கதான் வரல."

திருத்தம்

அன்றே இதழ் ஆசிரியர் வாசு சாரைக் கூப்பிட்டு, அந்த வரியை எடுத்துவிடுங்கள், மன்னிப்புப் போடுகிறேன் என்றேன். அவர் எடுக்கவில்லை. இதழ் ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு பேர் படித்த கட்டுரை வேறு இல்லையாம். சரி என்று நானே இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டு, குரல் பதிவாக ஒரு திருத்தம் வெளியிட்டேன். ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்டதால் கிடாரைத் தவறவிட்டது என் குற்றம், ஆல்பத்திலேயே நல்ல விஷயம் அதுதான், ஆனாலும் பாட்டுகள் உள்ளே காலியாகத்தான் இருக்கின்றன என்று சொன்னேன். கடைசி வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம். பேசி முடிக்கும்போது ரூத் விழித்து அழுதுவிட்டாள். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை, அழுகையோடு அப்படியே போட்டேன். வாசு சார் கேட்டுவிட்டுச் சொன்னார்: "திருத்தத்தை யாரும்மா கேக்கறாங்க? தப்பைத்தான் ஊரே கேக்குது."

ஜெரால்டின் கருத்து

வாசு சார் சொன்னது தப்பு. ஈரமணல் கேட்டது. அந்தப் பதிவின் கடைசி எட்டு விநாடியை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பச் சுற்ற விட்டு, அடியில் டிரம்ஸ், மேலே கிடார். நாலு நிமிடம். பாட்டுக்குப் பெயர் 'விமர்சகி வீடு'. என் மகள் பசியில் அழுத அழுகைக்கு ஊரில் பையன்கள் தலையாட்டினார்கள்.

எடுத்துவிடுங்கள் என்று நாலு முறை எழுதினேன். பதில் இல்லை. எனக்கு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது: இதுவரை அவர்கள் போட்டதிலேயே உருப்படியான பாட்டு அதுதான். அந்த விக்கலில் டிரம்ஸ் நின்று, கிடார் மட்டும் தனியாக நுழையும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நொடியில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். ஜெரால்டு வருவாரா, பிள்ளையின் அப்பாவாகக் கொதிப்பாரா என்று காத்திருந்தேன். ரயிலில் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஷூவைக் கழற்றியபடி சொன்னார்: "கோவப்படாத, பாட்டு நல்லாத்தான் இருக்கு."

மாவுக்கடை அக்கா

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. பால்கனித் திரையை விலக்கிப் பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் இரண்டு பைக், மூன்று பையன்கள், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு ஸ்பீக்கர். ஒருவன் போனைத் தூக்கி எங்கள் பால்கனியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். "அக்கா, ரெண்டு காதுலயும் கேக்குதா?" என்று கத்தினான். மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையை இழுத்து மூடிவிட்டு, ரூத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே மாவுக்கடை வைத்திருக்கும் மல்லிகா அக்கா தடதடவென்று மாடியேறி வந்தார். கையெல்லாம் மாவு. "இன்னாம்மா, கொயந்த இப்டி கத்திகினு கீது, நீ போனைப் பாத்துகினு குந்தினுகீறியா?" என்று ஆரம்பித்தவர், தோளில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தெருவை எட்டிப் பார்த்தார். திரும்ப ரூத்தைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா கீழே போய் ஒரு குடம் தண்ணீரை ஸ்பீக்கர் மேலேயே ஊற்றியதும் பைக்குகள் கிளம்பின. பிறகு படியில் நின்று என்னிடம் கேட்டதுதான் இன்னும் தைக்கிறது: "அவனுங்க பொறுக்கிங்க, சரி. கொயந்த அழுவுறத நெட்டுல போட்டது யாரும்மா?"

ஒரே ஒரு வார்த்தை

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு விக்னேஷ் வந்தான். தனியாக. பைக் பையன்கள் யாரென்றே தெரியாது என்றான், நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டதாகவும் சொன்னான். மெலிந்த பையன், செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவாக வாசலில் நின்றான். இரண்டாவது ஆல்பத்தை ஒரு கம்பெனி வெளியிடுகிறதாம். 'விமர்சகி வீடு'தான் அதில் முதல் பாட்டு. அழுகை யாருடைய குரலோ, அவர்கள் வீட்டாரின் சம்மதம் இல்லாமல் போட முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். "அழுகையை எடுத்தா பாட்டுல மிச்சம் என் கிடார் மட்டும்தான் அக்கா. அதை யாரு கேப்பாங்க? உங்களுக்கே கேக்கலையே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒரு நொடி, கொடுத்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. நான் செய்த தப்புக்கு ஈடாகப் போகட்டும்.

பின்னால் ரூத் தவழ்ந்து வந்து என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள். விக்னேஷ் அவளைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்புதான். "கையெழுத்தெல்லாம் வேணாம் அக்கா. சரின்னு ஒரே ஒரு வார்த்தை போதும்" என்றான். அப்போதுதான் அவன் சட்டைப் பையைக் கவனித்தேன். போன் திரை வெளியே பார்த்திருந்தது. அதில் குரல் பதிவாகிற சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. நான் 'மாட்டேன்' என்று சொன்னாலும் அதுவும் அவர்களுக்கு ஒரு பாட்டு ஆகிவிடும். திட்டினாலும் ஆகும், அழுதால் இன்னும் நன்றாக ஆகும்.

வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். மேல் தாழ்ப்பாள் வீட்டுக்காரர் அடித்த பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அசைந்ததில்லை. உள்ளங்கையால் குத்தினேன். அசையவில்லை. மறுபடி குத்தினேன், கை கன்றிப்போனது. வெளியிலிருந்து அவன் பொறுமையாகக் கேட்டான்: "இது சரின்னு அர்த்தமா அக்கா, இல்லையா?"

மூன்றாவது குத்துக்குத் தாழ்ப்பாள் டப்பென்று மாட்டிக்கொண்டது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளாக யாரும் திருத்தம் கேட்க முடியாத ஒரே கருத்தை நான் சொன்னது அந்தச் சத்தத்தில்தான்.