மஞ்சள் எல்லை

எங்கள் வீட்டில் அந்நாளில் எல்லாரும் நம்பியது இதுதான்: நான் வேலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், வானத்திலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி சுங்கைப் பட்டாணியிலிருந்து குடும்பத்தோடு வருவான். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே, "அக்கா, புதன்கிழமை நான் சிவப்பு விளக்குல காடிய விட்டத பாத்திட்டியா? போலீசுக்குச் சொல்லிராதலா" என்பான். கேலிதான், ஆனாலும் பாதி நம்பினான். அம்மா முழுதாகவே நம்பினாள். உள்ளாடைகளைப் போர்வைக்கு அடியில் மறைத்துத்தான் கொடியில் காயப்போடுவாள். "உன்கூட ஆம்பளைங்களும் வேலை செய்யிறாங்கல்ல" என்பது அவள் நியாயம்.

எங்கள் செயற்கைக்கோள்களுக்குக் கண்ணே கிடையாது. இருந்ததெல்லாம் காது. வண்டிகளுக்கு வழி சொல்லும் வேறு செயற்கைக்கோள்களின் அலைகள் அடிவானத்தில் காற்றை உரசிக் கடக்கும்போது சற்றே வளைகின்றன. எவ்வளவு வளைந்தன என்று கேட்டறிந்தால், அந்த உயரத்தில் காற்று எத்தனை சூடு, எத்தனை ஈரம் என்று கணக்கிடலாம். மழையையும் புயலையும் முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரும். இதற்காக ஆறு செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றிவந்தன. அவற்றுக்குப் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும்.

அந்தக் கணக்கும் என் வேலை அன்று. அவை நலமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே என் வேலை. தலைமை நிலையம் வேறொரு நாட்டில் இருந்தது. எங்கள் ஊர் அலோர் ஸ்டாரில், மெர்கோங் என்னும் பகுதியில் கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் சிறிய அலுவலகம். ஆண்டெனா ஊருக்கு வெளியே வயலோரத்தில். ஒவ்வொரு செயற்கைக்கோளும் எங்கள் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம் எடுக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் அது தன் உடல்நிலையைச் சொல்லிவிட்டுப் போகும்: பேட்டரியின் சூடு, சூரியத் தகடுகளின் மின்சாரம், திசை மாறாமல் பிடித்துவைக்கும் சக்கரங்களின் வேகம். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. மஞ்சள் எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கும். குறித்துக்கொண்டு தலைவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். சிவப்பைத் தாண்டினால் எல்லாரும் எழுந்து ஓட வேண்டும். ஆறின் எண்களும் எங்கள் திரைக்கு வரும், அவற்றில் மூன்றாவதும் நான்காவதும் எங்கள் நிலையத்தின் நேரடிப் பொறுப்பு.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். தொலைவில் இருக்கும் ஆறு பேரின் சுகத்தை நான் விசாரிக்கிறேன் என்ற அளவில் அவளுக்குப் புரிந்தது. அதுவே போதும் என்றும் பட்டது. அன்று முதல் எங்கள் மாலை ஜெபத்தில் தம்பியின் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக, "மேலே சுத்திவர்ற ஆறு பேரையும் காத்தருளும் ஆண்டவரே" என்ற வரி சேர்ந்தது.

அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் இருந்தார். முன்பு தொலைபேசித் துறையில் கம்பம் ஏறியவர். அங்கே ஓய்வு பெற்றபின் எங்களிடம் ஒப்பந்தத்தில் சேர்ந்தார். நான் அவரை அண்ணன் என்றே அழைத்தேன். அவர் இந்து, நாங்கள் கத்தோலிக்கர். விடுமுறை நாள்களில் ஒருவர் இருந்தால் போதும் என்பதால், எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. தீபாவளிக்கு அவர் இடத்தில் நான் உட்காருவேன். கிறிஸ்துமஸுக்கு என் இடத்தில் அவர். வேலைமுறையை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் உண்டு, ஒரு வாரம் முன்னதாகத் தலைவரின் கையெழுத்து வேண்டும். நாங்கள் அதை நிரப்பியதே இல்லை. யார் முறை என்று எழுதும் வெள்ளைப் பலகையில் அவர் பெயர் அப்படியே இருக்கும், நாற்காலியில் நான் இருப்பேன். கணினிக்கும் எல்லாருக்குமாக ஒரே கடவுச்சொல். திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது.

ஒரு தீபாவளியன்று, காலையிலிருந்து மூன்றாவது செயற்கைக்கோள் கடந்துபோகும் போதெல்லாம் மணி அடித்தது. பேட்டரியின் சூடு மஞ்சளைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. மற்றவற்றைவிட அது எப்போதும் சற்றுச் சூடாகவே இருக்கும். அண்ணன் வீட்டிலிருந்து அழைத்தார். பின்னால் விருந்துக்கு வந்த பிள்ளைகளின் இரைச்சல்.

"தங்கச்சி, உன் பங்கு முறுக்கு எடுத்து வெச்சாச்சு. ஆறும் நல்லா இருக்கா?"

"அஞ்சு நல்லா இருக்குண்ணே. மூணுதான் கத்துது."

"மூணு அப்படித்தான்லா. காய்ச்சக்காரப் பிள்ள."

தலைவரை இரண்டு முறை அழைத்தேன். மலாய்க்காரர், பொறுமையானவர், அன்று நண்பர் ஒருவரின் தீபாவளி விருந்தில் இருந்தார். இரண்டு முறையும் குறித்து வைக்கச் சொன்னார். மூன்றாவது முறை அழைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று எழுதும்போது அந்தச் சொல்லை வேறொன்றாக மாற்றிப் பார்க்கிறேன், மாறவில்லை. கூச்சம்தான். மூன்றாவதின் மஞ்சள் எல்லையைச் சில பாகை உயர்த்தினேன். என் வேலைநேரம் முடியும்போது பழையபடி இறக்கிவிடுவதாக எண்ணம். மாலையில் அண்ணன் முறுக்கு டின்னோடும் ஆட்டுக்கறியோடும் படியேறி வந்தார். அடுத்த முறைக்காரரும் வந்துவிட்டார். சாப்பிட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. இரண்டு நாள் கழித்து நினைவு வந்தது. ஆனால் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நலம் என்று எடுத்துக்கொண்டேன். நாளைக்கு இறக்கலாம் என்று விட்டேன். நாளை என்பது பிறகு வாரங்களாயிற்று.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது வரவேண்டிய நேரத்துக்கு ஆண்டெனா திரும்பியது, வானத்தின் குறுக்கே மெல்ல நகர்ந்தது, மறுபக்கத்தில் இறங்கி நின்றது. ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த சுற்றிலும் இல்லை. தலைமை நிலையம் நாள்கணக்காகக் கட்டளைகளை அனுப்பிப் பார்த்தது. பிறகு பழைய பதிவுகளைக் குடைந்தார்கள். குளிரில் பேட்டரியைக் காக்க ஒரு சிறிய சூடேற்றி உண்டு. அது அணைய வேண்டிய நேரத்தில் அணையாமல் தொடர்ந்து எரிந்திருக்கிறது. சூடு வாரக்கணக்கில் மெதுவாக ஏறியிருக்கிறது, பழைய எல்லைக்கு மேலும் புதிய எல்லைக்குக் கீழும். மணி அடித்திருந்தால், அதை அணைக்க ஒரு கட்டளை போதுமாக இருந்திருக்கும்.

எல்லை எப்போது மாற்றப்பட்டது என்பது கணினியில் இருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் எங்கள் பொதுப் பெயர். நாள், தீபாவளி.

அலுவலகத்தில் வேலை செய்த எங்கள் ஐவரையும் தலைவர் கூட்டினார். தீபாவளி வாரத்து வெள்ளைப் பலகையை அப்போதே எடுத்துவைத்திருந்த படத்தை மேசைமேல் வைத்தார். அண்ணனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய மாதம் அது. அந்தக் கடிதம் தலைவரின் மேசையில்தான் இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"தீபாவளியன்று நீங்கள்தானே?" என்று அவரிடம் மலாயில் கேட்டார்.

அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். "போர்டில் என் பெயர்தான் இருக்கிறது" என்றார்.

அது பொய்யன்று. நான் படத்தில் அவர் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் ஏதோ எழுதிக்கொண்டார், கூட்டம் கலைந்தது.

கீழே தேநீர்க் கடையில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது? நான் இல்லன்னா அப்ப யாருன்னு கேப்பாருலா."

"நான்தாண்ணே மாத்தினேன்."

"தெரியும்மா. நீதான ஒக்காந்திருந்த. பேயா வந்து மாத்தும்?" தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கென்ன, இன்னும் ரெண்டு வருசம் கிடைச்சா மகளோட படிப்பு முடியிற வரைக்கும் ஓட்டலாம்னு பாத்தேன். கிடைக்கலன்னா வேற ஏதாச்சும் பாக்கலாம். உனக்கு இன்னும் காலம் கெடக்கு."

"அதுக்காக நீங்க..."

"இன்னொன்னு கேட்டுக்க. தீபாவளி முடிஞ்ச வாரமே நான் பாத்தேன், எல்லை மேல ஏறியிருக்குன்னு. இறக்கியிருக்கலாம். சத்தம் இல்லாம நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

தேநீர் ஆறிப்போய், எங்கள் இருவர் கோப்பையிலும் அப்படியே இருந்தது.

அன்று மாலை ஜெபத்தில் அம்மா வழக்கம்போல் ஒவ்வொருவராகச் சொல்லிவந்து, ஆறு பேரையும் காத்தருளும் என்றாள். எனக்கு ஆமென் வரவில்லை. மெழுகுதிரியை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆறு இல்லம்மா. மூணாவது போயிருச்சு."

"போயிருச்சுன்னா? விழுந்திருச்சா?"

"விழல. சுத்திக்கிட்டுதான் இருக்கும், ரொம்ப வருசத்துக்கு. பேசாது, அவ்வளவுதான்."

"யாரு தப்பு?"

"என் தப்பு. அண்ணன் பேருல எழுதியிருக்கு."

அம்மா ஜெபப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். "அவருக்கு எத்தன பிள்ளைங்க?" என்றாள். "ஒரே மக" என்றேன். சோறு போட எழுந்து போனாள்.

அந்த இரவுச் சோற்றின்போதே முடிவாகிவிட்டது என்று சொல்ல ஆசை, அப்படி நடக்கவில்லை. மறுநாளும் வேலைக்குப் போய், நான்காவதின் எண்களை ஒழுங்காகக் குறித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். அதற்கு மறுநாள் நான்காவது கடந்துபோகும்போது ஏதோவொரு மின்சார அளவு மஞ்சளைத் தொட்டு மணி அடித்தது. விதிப்படி தலைவரை அழைக்க வேண்டும். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். எழுந்து போய்க் கதவைத் தட்டி, முதலில் நான்காவதைச் சொன்னேன். பிறகு மூன்றாவதைச் சொன்னேன். தீபாவளி, நாற்காலி, படிவம், கூச்சம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தேநீர்க் கடையில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது அவருடையது.

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "கிறிஸ்துமஸுக்கு?"

"அவர்."

"எத்தனை வருடமாக?"

"நான் சேர்ந்த வருடத்திலிருந்து."

அவர் கண்ணாடிக் கதவின் வழியே வெள்ளைப் பலகையை வெகுநேரம் பார்த்தார். நான் வெளியே வந்தபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "அவசரக்காரி" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். தன் பங்கை அவரே சொல்லிவிட்டு வந்தார்.

தலைமை நிலையத்தின் அறிக்கை பிறகு வந்தது. மணி அடித்திருந்தாலும் மூன்றாவது பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. என் மேல் இரக்கப்பட்டு எழுதிய வாக்கியம் அன்று அது. அவர்கள் உண்மையிலேயே அறியவில்லை. அந்த அறியாமையோடு நான் வாழப் பழகவேண்டியிருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. எல்லைகளைத் தொடும் உரிமை ஓராண்டுக்குப் பறிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வந்தது. அண்ணனின் ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பதில் ஓராண்டுக்குப் புதுப்பித்தார்கள். "ஒரு வருசம் போதும்லா, முட்டி வலிக்குது" என்றார். அவர் மகளுக்கு இன்னும் இரண்டாண்டுப் படிப்பு பாக்கி என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த தீபாவளிக்குப் படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கினோம். பலகையில் அவர் பெயருக்கு மேல் ஒரு கோடு, பக்கத்தில் என் பெயர். காலையில் அழைத்தார்.

"அஞ்சும் நல்லா இருக்கா தங்கச்சி?"

"நல்லா இருக்குண்ணே."

"கத்துச்சுன்னா தலைவரக் கூப்பிடு. அவரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கூப்பிடு."

அவருடைய அந்த ஓராண்டு போன மாதம் முடிந்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குப் போகிறார், முட்டி வலியோடுதான். அம்மா மாலை ஜெபத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே சுற்றிவருபவர்களை இன்னும் ஆறு பேர் என்றுதான் சொல்கிறாள். அதை நான் திருத்துவதில்லை, ஆமென் சொல்கிறேன். ஐந்து பேசுகின்றன, ஒன்று பேசாமல் சுற்றுகிறது. அவருடைய நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் இருக்கிறேன்.