அண்ணன் ரயிலும் என் பிளாட்ஃபார்மும்

எங்கள் வீட்டுப் பொம்மை ரயில் அண்ணனுக்காக வாங்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா, பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது கொண்டுவந்தது. கரண்டில் ஓடும் எஞ்சின், மூன்று நீளப் பெட்டிகள், தண்டவாளம். நான் தொட்டால், "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ரயிலு?" என்று அம்மா கையைத் தட்டிவிடுவாள். அண்ணன் விளையாடிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நேர்த் தண்டவாளம் எல்லாவற்றையும் மிதித்தே நாசமாக்கினான். பிறகு அவனும் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனான். எழுபதுகளின் நடுவில் அப்பா கண்ணை மூடினார். ரயில் பரணுக்குப் போனது. ஏனென்று கேட்க ஆளில்லை.

நான்தான் இறக்கினேன். தூசி தட்டி, எண்ணெய் விட்டு ஓட வைத்தேன். கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ரயில் விட வேண்டும் என்று ஆசை. மிஞ்சியிருந்தது வளைவுத் தண்டவாளம் மட்டும். சாப்பாட்டு மேசைக்குள் அடங்கிவிடும் சின்ன வட்டம். ஸ்டேஷனும் வளைவில்தான் நின்றாக வேண்டும்.

அட்டையில் பிளாட்ஃபார்ம் வெட்டினேன். எஞ்சினை ஓட்டி அளவு பார்த்தேன், உரசாமல் போனது. பெட்டியை மாட்டினேன், இடித்துக் கவிழ்ந்தது. எஞ்சின் குட்டை, பெட்டி நீளம். வளைவில் நீளப் பெட்டியின் நடு வயிறு உள்பக்கம் தள்ளும், முனைகள் இரண்டும் வெளிப்பக்கம் தள்ளும். இது புரிவதற்குள் எத்தனை அட்டை பாழானது! கடைசியில் தண்டவாளத்துக்கு அடியில் காகிதம் விரித்து, பெட்டியின் உள்பக்க வயிற்றில் ஒரு பென்சிலைக் கட்டி, கையால் மெல்லத் தள்ளினேன். பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனது. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டினேன். வட்டத்தின் உள்பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. வெளிப்பக்கத்துக்குப் பென்சிலை முனையில் கட்டினேன். அதன்பிறகு வருஷா வருஷம் எங்கள் குடிலைப் பார்க்க முதலியார்பேட்டையே வரும்.

எண்பதுகளில் ஒரு டிசம்பரில் அண்ணன் 'வகான்ஸ்' வந்தான். லீவு என்று சொன்னால் அவன் அந்தஸ்து குறைந்துவிடும். குடில் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே உள்பக்கப் பிளாட்ஃபார்மைக் காட்டிச் சிரித்தான்.

"இன்னா இம்மாம் சந்து உட்டு வச்சிருக்கே? ஜனம் உள்ள உழுந்துடாது?"

"வளைவுல அப்டித்தாண்ணா உடணும். கை வைக்காதே."

சொல்லி முடிப்பதற்குள் அதைத் தண்டவாளத்தோடு ஒட்டத் தள்ளிவிட்டான். ஓடிவந்த முதல் பெட்டியின் வயிறு இடித்தது. மூன்று பெட்டிகளும் மேசையிலிருந்து தரையில் விழுந்தன, ஒன்றின் கொக்கி உடைந்தது. அவனுக்கு வெட்கமே இல்லை.

"உனுக்கு ஒழுங்கா வைக்கத் தெரியல. எம் புள்ளைங்களுக்கு எடுத்துனு போறேன்."

"அது என்னுது. பரண்ல கெடந்தப்போ நீ எங்க இருந்தே?"

"ஏண்டி, அப்பா அவனுக்குத்தானே வாங்கினாரு?" என்றாள் அம்மா. இத்தனை வருஷமும் அந்த ரயிலைக் காட்டித்தான் தெருவில் அவள் பெருமை அடித்துக்கொண்டாள். ஓட வைத்தவள் யார் என்பது அன்றைக்கு மறந்துபோயிற்று.

எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம் எல்லாம் அவன் சூட்கேசுக்குள் போயின. உடையாமல் இருக்கத் துணி சுற்றிக் கொடுத்ததும் அம்மாதான். பிளாட்ஃபார்ம்களை மட்டும் "அட்டதானே" என்று விட்டுப் போனான். அவன் வண்டி தெரு முனை தாண்டுவதற்குள் அவற்றை அடுப்பில் போட்டேன்.

அடுத்த கிறிஸ்துமசுக்கு முன்னால், பக்கத்து வீட்டு போனில் அவனோடு பேசிவிட்டு அம்மா வந்தாள்.

"இந்தப் பழைய ரயிலுக்கு நேர்த் தண்டவாளம் கெடைக்கலியாம், அங்க விக்கிற பிளாட்பாரம்லாம் நேரா இருக்குதாம். பெட்டி இடிச்சி இடிச்சி உழுவுதாம். புள்ளைங்க அழுவுதுங்க. நீ எப்டி வெட்டினேன்னு கேக்கச் சொன்னான்."

"என்னைப் போனுக்குக் கூப்ட்டானா?"

"இல்ல. கேட்டு வைக்கச் சொன்னான். ஞாயித்துக்கெழம மறுபடி பேசுவான்."

ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன் என்றேன்.

"கூடப் பொறந்தவண்டி," என்று அம்மா கெஞ்சினாள்.

"அத்த அவங்கிட்ட போய்ச் சொல்லு."