சஃபாரிக்கு ஒரு எடைச்சீட்டு

கல்குவாரிக்குப் போகிற சாலையில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இரும்பு மேடை ஒன்று உண்டு. பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, எண் காட்டும் பெட்டி, சீட்டு அடிக்கிற மெஷின், ஒரு சீல். அந்த அறையில் இருபத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் எடைக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் இருக்கிறது.

லாரிக்காரர்கள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. லோடு எடையைக் குறைத்துக் காட்ட ஒரு பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துவார்கள். காலி எடையைக் கூட்டிக் காட்ட கிளீனரை இருக்கைக்கு அடியில் படுக்கவைப்பார்கள். பிடிபட்டால் பல்லை இளிப்பார்கள். அந்த இளிப்பைப் பார்த்தாலே எடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு லாரி முதலாளி எடைக்காரரின் மனைவிக்குப் புடவை கொடுத்து அனுப்பினார். புடவை அடுத்த லாரியிலேயே திரும்பிப் போனது. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசிவரை அந்தப் புடவையின் நிறத்தைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கேலி செய்தாள். பொய் எடையில் அவர் சீல் விழுந்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தது அக்கா, அடுத்து இவர், பிறகு ஒரு தம்பி, கடைசியாக ஒரு தங்கை. தங்கை தவழ்கிற வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. அக்காவுக்கு அப்போது பதினாலு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ரத்தத்துணி அலசப் போனாள். அலசி அலசியே தம்பியைப் படிக்கவைத்தாள், தங்கையைக் கட்டிக்கொடுத்தாள். தனக்கென்று ஒருத்தனைப் பார்க்க நேரம் இல்லாமல் போய்விட்டது. நாற்பத்தாறு வருஷம் ஈரத்தரையில் நின்றதில் கால் இரண்டும் தூண்போல வீங்கி, உடம்பும் பெருத்துப்போனது.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று தம்பிதான் ஆரம்பித்தான். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அவள் யோசிக்கவே இல்லை. கடல் பார்க்க வேண்டும் என்றாள். படத்தில் பார்த்ததோடு சரி. உப்புத்தண்ணீரில் நின்றால் கால்வீக்கம் வடியும் என்று யாரோ ஒரு நர்ஸ் சொன்னதும் அவள் மனசில் கிடந்தது.

கடல் என்று ஆரம்பித்தது ஆப்பிரிக்காவில் போய் நின்றதற்குக் காரணம் தம்பி மனைவி. அவளுடைய சித்தி மகள் சஃபாரி போய், ஒட்டகச்சிவிங்கியோடு நின்ற படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. முதலில் ஐந்து நாள் காட்டில் மிருகம் பார்ப்பது, பிறகு மூன்று நாள் கடற்கரை என்று திட்டம் மாறியது. அக்காவிடம் சொன்னபோது, கடல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் சரி என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டு ஹாலில் கூட்டம் நடக்கும். எடைக்காரருக்கு அந்த ஹாலுக்குள் போனாலே என்னவோ செய்யும். தங்கை வீட்டுக்காரர் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நகத்தை நோண்டுவார். நோண்டின கையாலேயே தட்டில் இருக்கும் பிஸ்கெட்டை எடுத்து மற்றவர்களுக்கும் நீட்டுவார். ஜீப்பில் ஜன்னலோரம் யாருக்கு என்று மூன்று வாரம் சண்டை. தம்பி மனைவி எல்லோருக்கும் ஒரே மாதிரி காக்கிச் சட்டை வாங்கினாள். அக்கா அளவுக்குக் கிடைக்கவில்லை என்று அவளுக்கு மட்டும் கூடாரத்துணி மாதிரி ஒன்றை வாங்கிவந்து, அதைப் பிரித்துக் காட்டி எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்கு ஒரே ஆசை: சிங்கம் மானைப் பிடிப்பதைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். உயிரோடு கிழிக்கிறதைப் பார்க்காவிட்டால் போவதே தண்டம் என்று வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னாள். அவளுக்கு முதல் பல் முளைத்தபோது யார் விரலைக் கடித்தாள் என்பது எடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. அக்கா விரலைத்தான்.

அப்படி ஒரு ஞாயிறு, தம்பி ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். காட்டிலிருந்து கடற்கரைக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும். ஆறு இருக்கைதான். ஆளுக்கு எத்தனை கிலோ என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆளும் பையும் சேர்த்து நானூற்றெண்பது கிலோவைத் தாண்டக் கூடாது. பை ஆளுக்குப் பதினைந்து கிலோ.

அக்கா அன்றைக்கு வரவில்லை, காலுக்குக் கட்டுப்போடப் போயிருந்தாள். போனில் கேட்டார்கள். நூற்று நாலு, நேற்றுதான் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள் என்று பளிச்சென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தம்பி எண்பது என்றான். தம்பி மனைவி அறுபத்தைந்து என்றாள். தங்கை அறுபத்தாறு. தங்கை வீட்டுக்காரர் நகத்தை நோண்டுவதை நிறுத்திவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்து எழுபத்தாறு என்றார், ஏதோ அந்த நிமிஷத்தில் படம் எடுக்கப்போகிற மாதிரி. எடைக்காரர் எழுபத்தெட்டு என்றார்.

தம்பி போனில் கூட்டிப் பார்த்தான். பையோடு ஐந்நூற்று ஐம்பத்தொன்பது வந்தது. எழுபத்தொன்பது கிலோ அதிகம்.

"அக்கா இல்லேன்னா நானூத்தி நாப்பதுதான்" என்றான் தம்பி.

அதை அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வேகமாக ஓடியது. அக்காவிடம் இப்போது எதையும் சொல்ல வேண்டாம். காட்டில் கடைசி நாளன்று, கடல் பக்கம் புயல், எல்லாம் ரத்தாகிவிட்டது என்று சொல்லி, அவளை மட்டும் ஊருக்கு விமானம் ஏற்றிவிடலாம். நாங்களும் அடுத்த விமானத்தில் வருகிறோம் என்று சொன்னால் நம்பிவிடுவாள் என்று முடிவானது. தனியாக அவளை ரோட்டு வழியாகக் கடலுக்கு அனுப்ப முடியாது, இரண்டு நாள் பயணம். மிச்சமிருக்கிற நாற்பது கிலோவில் இன்னொரு பை கொண்டுவரலாமா என்று தம்பி மனைவி கேட்டாள். அவளுக்கு ஐந்து ஜோடிச் செருப்பு எடுத்துவர வேண்டியிருந்தது.

எடைக்காரர் முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்தது. வாய்க்குள் ஏதோ செத்த ருசி. எழுந்து காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் துப்பவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார். குனிந்த தலையை ஆட்டின தலையாக எடுத்துக்கொண்டார்கள்.

நாலு நாள் கழித்துத் தம்பி எடைமேடைக்கு வந்தான். வழக்கமாக வருபவன் இல்லை; புழுதி ஆகாது அவனுக்கு. வெளியே வரிசையாக லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. பட்டியலை அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தான், அக்கா பெயர் இல்லாமல். சொல்லுகிற எடையை விமானக்காரர்கள் நம்புவதில்லையாம். அங்கீகாரம் உள்ள எடைக்கருவியில் பார்த்ததாக ஒரு சீல் கேட்கிறார்களாம்.

"நம்ம வீட்டுலயே சீல் இருக்கு, வெளியில எதுக்குண்ணே அலையணும்? சும்மா ஒண்ணு குத்திக் குடு."

சொல்லிவிட்டுப் பல்லை இளித்தான்.

இருபத்தொன்பது வருஷமாகப் பார்த்த அதே இளிப்பு. இந்தப் பல்லில் சொத்தை விழுந்தபோது அக்கா ராத்திரி வேலை பார்த்து அடைக்கவைத்தாள். எடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து மேடையில் நின்றால்தான் சீல், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். தம்பி விளையாட்டு என்று நினைத்தான். இல்லை என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போய்ப் புறப்பட்டான்.

ஞாயிறு வந்தார்கள். சீல் இல்லாவிட்டால் விமானம் இல்லையே, வராமல் என்ன செய்வார்கள்? தம்பி மனைவி மூக்கைத் துணியால் பொத்தியிருந்தாள். குவாரியில் லீவு என்றாலும் இரண்டு லாரி நின்றது. ஒரு டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஒவ்வொருத்தராக நிறுத்தினால் இந்த மேடைக்குச் சரியாகத் தெரியாது. லாரிக்குச் செய்தது, பத்துப் பத்தாகத்தான் காட்டும். அதனால் ஐந்து பேரும் சேர்ந்து ஏற வேண்டும் என்றார் எடைக்காரர். எண் வெளியே பெரிதாக, சிவப்பு விளக்கில் தெரியும். அவரும் அவர்களோடு ஏறி நின்றார்.

ஏறினதும் அவர் முதலில் பார்த்தது கால்களைத்தான், பழக்கதோஷம். தங்கை வீட்டுக்காரர் மேடையின் விளிம்பில் நின்றிருந்தார். ஒரு கால் இரும்பின் மேல், இன்னொரு கால் வெளியே சிமென்ட்டின் மேல். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்தச் சக்கரத்தையும் உள்ள எடுங்க" என்றார் எடைக்காரர்.

டிரைவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை காலை உள்ளே வைத்தார். சிவப்பு எண் ஏறி நானூற்று முப்பதில் நின்றது.

பட்டியலில் இருந்தது முந்நூற்று அறுபத்தைந்து. பையைச் சேர்த்தால் ஐந்நூற்றைந்து ஆகிறது. அக்காவைக் கழித்துவிட்ட பிறகும் விமானத்துக்கு இருபத்தைந்து கிலோ அதிகம். அக்காவை ஏமாற்றியதும் அல்லாமல் அந்த விமானத்தையும் ஏமாற்றியிருப்பார்கள், அது ஐந்து பேரையும் கொண்டுபோய்க் காட்டில் போட்டிருக்கும். தங்கை வீட்டுக்காரர், உங்க மெஷினில் மண் ஏறியிருக்கிறது மச்சான் என்று சொன்னார். செருப்பு கனம் என்றாள் தங்கை. காலையில் நிறையச் சாப்பிட்டேன் என்றாள் தம்பி மனைவி. லாரிக்காரர்களுக்காவது ஒரு லோடு மிஞ்சும். இவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று எடைக்காரருக்குப் புரியவில்லை. வெயிலில் வேர்த்து, ஆளுக்கு ஒரு பொய்யோடு நின்ற அந்த நாலு உடம்பையும் பார்க்க அவருக்கு அருவருப்பாக இருந்தது. சீட்டு அடிப்பதற்காக மேடையை விட்டு இறங்கினார்.

எண் மடமடவென்று இறங்கி முந்நூற்று நாற்பதில் நின்றது.

டிரைவர் கண்ணாடித் துணியை உதறினார். பட்டியலில் யார் எவ்வளவு என்பதை இவ்வளவு நேரம் இவர்கள் கத்தின கத்தலில் அவரும் கேட்டிருந்தார்.

"அண்ணே, நீங்க எழுபத்தெட்டுன்னுல்ல சொன்னாங்க. தொண்ணூறு இறங்குதே."

 எடைக்காரர் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு என்பது மனைவி இருந்த காலத்து எடை. ஹாலில் எல்லோரும் குறைத்துச் சொன்ன ஓட்டத்தில் தானாக நாக்கில் வந்தது. ஆனால் வீட்டில் எடை பார்க்கிற தட்டு கட்டிலுக்கடியில் இருக்கிறது. அது எண்பத்தாறு காட்டுவது அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுபத்தெட்டு என்றார். இவ்வளவு நேரம் மற்றவர்கள் மேல் வந்த அருவருப்பு திரும்பி அவர் மேலேயே வந்து நின்றது. தம்பி மனைவிக்கு அந்தத் தொண்ணூறு தெம்பாகப் போயிற்று.

"பாத்தீங்களா மாமா, எல்லாரும் அப்படித்தான். பேசாம நீங்களும் அந்த விமானத்துல ஏறாம நின்னுக்கோங்க. நாங்க நாலு பேர்னா சரியா இருக்கும்."

நாலு பேர் என்றால் எண்பது கிலோ மிஞ்சுகிறது என்று தங்கை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். எடைக்காரர் உள்ளே போனார். புதிதாக ஒரு தாளில் நாலு பேர், முந்நூற்று நாற்பது என்று மெஷின் காட்டினதை எழுதிச் சீல் குத்தி, ஜன்னல் வழியாக நீட்டினார். தம்பி வாங்கிக்கொண்டு, அக்காவிடம் எதையும் சொல்லிவிடாதே என்றான். அவர் ஜன்னலைச் சாத்தினார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். புயல் என்று சொல்லப்போவதை, ஊருக்கு ஏற்றிவிடப்போவதை, தன் எழுபத்தெட்டை, எதையும் விடவில்லை.  சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

"அவங்க பேசினப்ப நீ எங்கடா இருந்தே?"

"அங்கதான் இருந்தேன்."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

அக்கா வாளியிலிருந்து காலை எடுத்துத் துணியால் துடைத்தாள். விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவரை உட்காரச் சொல்லவில்லை. பிறகு, ரோட்டு வழியாகப் போனால் கடல் வருமா வராதா என்று கேட்டாள். வரும், இரண்டு நாள் ஆகும், நான் கூட வருகிறேன் என்றார். அவளுக்கு அதிலும் திருப்தி இல்லை. அந்த நாலு பேரும் குளிக்கிற தண்ணீரில் நான் காலை நனைக்க மாட்டேன், வேறு கரை பார் என்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் பயண ஏற்பாட்டு ஆபீசுக்குப் போனார்கள். மூன்று மாடி ஏற வேண்டும், அக்கா ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள். எடைக்காரர் கை கொடுத்தார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கணினியில் பழைய திட்டத்தைத் திறந்தாள். சஃபாரியை வெட்டிவிட்டு, எட்டு நாளும் கடற்கரையே போதும், பெரிய விமானம் இறங்குகிற கரையாக இருக்க வேண்டும் என்றாள் அக்கா. ஆப்பிரிக்கா வரைக்கும் போய் ஒரு மிருகம்கூடப் பார்க்காமல் வருவீர்களா, எல்லோரும் அதற்குத்தானே போகிறார்கள் என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள்.

"மிருகமெல்லாம் நான் வீட்லயே பாத்துட்டேம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரித்தாள். எடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிருகங்கள் மொத்தம் நாலா, தன்னையும் சேர்த்து ஐந்தா என்று அக்காவிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. பெயர்களைச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கேட்டதும் அக்கா தன் பெயரைச் சொன்னாள். பிறகு, கொஞ்சம் பொறுத்து, அவர் பெயரையும் சொன்னாள்.