வயிறு நிறையத் தண்ணீர்

தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் கொடுப்பது என் வேலை. அதைக் குடிக்க வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்ல நேரும் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவும் என் ராத்தாவிடம், சொந்த அக்காவிடம்.

கரைத்தீவில் எங்கள் குடியேற்றத்துப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டிடம் இருக்கிறது. ஊரில் அதை 'பில்டர்' என்பார்கள். உள்ளே இரண்டு மோட்டாரும் நானும். வெளியே குழாயடியில் எப்போதும் நாலைந்து பெண்கள் கேனோடு நிற்பார்கள். நான் அதிகம் கதைக்காத மனிதன், மோட்டார்ச் சத்தத்தில் கதைக்கவும் முடியாது. அதனால் எனக்குக் கோபக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. அது முழுப் பொய் இல்லை.

கிணற்றுத் தண்ணீர் முதலில் மணலுக்குள்ளாலும் பிறகு கரிக்குள்ளாலும் போகும். அதன் பிறகு நூல் சுற்றிய ஒரு குழல். கடைசியாகப் பெரிய மோட்டார் அதை நெருக்கித் தள்ளி, நீளக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய சவ்வுக்குள்ளால் அனுப்பும். உப்பும் சுண்ணாம்பும் இந்தப் பக்கம் நின்றுவிடும். நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் வரும். நின்றுபோன உப்புத் தண்ணீரை இன்னொரு குழாயால் பள்ளிவாசல் கழிவறைக்கு விடுகிறேன்.

அப்படி வருகிற தண்ணீரில் ஒன்றுமே இருக்காது. ருசியும் இருக்காது. கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், இரும்பைப் போட்டால் மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஆகவே வெள்ளைச் சுண்ணக்கல் துண்டுகள் நிரப்பிய ஒரு குழலுக்குள்ளால் அதைத் திரும்பவும் விடுவேன். பாடுபட்டுப் பிரித்தெடுத்த சுண்ணாம்பில் ஒரு துளியைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கிற வேலை அது. கல் கரையக் கரைய நான் புதிதாகப் போட வேண்டும். இவ்வளவும் முடிந்து குழாயடிக்கு வரும்போது அது வாய்க்கு இதமான தண்ணீர்.

இந்த பில்டர் வருவதற்கு முன் நாங்கள் குடித்த தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியபோது நான் சின்னப் பிள்ளை. ராத்தா கலியாணமாகாத குமர்ப்பிள்ளை. உம்மா வழியிலேயே காய்ச்சலாகப் படுத்துவிட்டதால் எங்கள் நாலு பேரின் வயிறும் ராத்தாவின் பொறுப்பானது. முகாமில் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே தண்ணீர் வண்டி, பவுசர், வந்து நிற்கும். ராத்தா வாளியோடு வரிசைக்குப் போவா. கொண்டுவந்ததை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எனக்கும் ஊற்றித் தந்துவிட்டு, "எனக்குத் தாகமில்ல" என்று வாளியைக் கவிழ்த்து வைப்பா. அவ தண்ணீர் குடித்து நான் பார்த்த ஞாபகமே இல்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பிறகு இந்தக் காணி கிடைத்தது. கிணறு வெட்டினோம். ஆழம் போக வேண்டியிருக்கவில்லை, தண்ணீர் உடனே வந்தது. ஆனால் அது கரிக்கிற தண்ணீர். தேயிலை போட்டால் மேலே ஆடை மாதிரிப் படியும். கேத்தலின் உட்புறம் வெள்ளையாகத் தடித்துப்போய், தட்டினால் சிப்பி மாதிரி உதிரும். அதைத்தான் பல வருடம் குடித்தோம்.

பில்டர் வந்து நல்ல தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்த காலத்தில்தான் ராத்தாவின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று புத்தளம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சீனி வருத்தம், நீரிழிவு, பழையது, பிரஷரும் இருந்தது. கிணற்றுத் தண்ணீராலும் இருக்குமா என்று நான் டொக்டரிடம் கேட்டேன். அதைத் தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொன்னது ஒன்றைத்தான்: உடம்பு தண்ணீரை வெளியேற்றவில்லை, ஆகவே ஒரு நாளைக்கு இந்தப் போத்தல் ஒன்றுதான், தேநீர் கஞ்சி எல்லாம் சேர்த்து. அவர் காட்டியது சின்னப் போத்தல். ராத்தா அதைக் கையில் வாங்கிக்கொண்டா. வீட்டுக்கு வந்து போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தா.

அவவின் மகள் கட்டாரில் இருக்கிறாள். உம்மாவின் வருத்தத்தைக் கேட்டு அங்கே அழுதுகொண்டிருந்தவளுக்கு யாரோ அல்கலைன் என்கிற காரத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அசிட் இறங்கும், சிறுநீரகம் கழுவுப்படும் என்று. பிள்ளை என்ன செய்வாள்? தூரத்தில் இருக்கிறவளுக்குக் கையில் அகப்பட்டது அதுதான். கொழும்பில் ஒரு கடையில் சொல்லி அதைச் செய்கிற மெஷினை வீட்டுக்கே அனுப்பிவிட்டாள்.

பூட்ட வந்த பையன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். நல்ல பையன், வாய் மட்டும் ஓயவில்லை. சுவரில் மெஷினை மாட்டி, என் பில்டரிலிருந்து வருகிற குழாயோடு இணைத்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு விளக்கினான். நான் தொழில்காரன் என்று ராத்தா சொல்லிவிட்டா. இரண்டு உலோகத் தகடுகள், நடுவே ஒரு சவ்வு. கரண்ட் போனால் ஒரு தகட்டுப் பக்கம் காரத் தண்ணீரும் மற்றப் பக்கம் புளித் தண்ணீரும் பிரியும். காரத் தண்ணீர் மேல் குழாயால் குடிக்க வரும். புளித் தண்ணீர் சாம்பல் நிறக் குழாயால் கீழே போகும்.

"கீழே எங்க போகும்?" என்று கேட்டேன்.

"சிங்குக்கு, அங்கிள். அது வேஸ்ட்."

பவுசருக்கு வரிசையில் நின்ற வீட்டில் நல்ல தண்ணீர் சிங்குக்குப் போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அத்தோடு, உப்புச் சத்து இல்லாத தண்ணீரில் மெஷின் வேலை செய்யாது என்று ஒரு சின்னக் குழலில் தாதுத் தூளும் போட்டான். நான் எடுப்பதை அவன் போடுகிறான்.

பிறகு சோதனை. மூன்று கண்ணாடிக் கிளாஸ், ஒரு சின்னச் சொட்டு மருந்துப் போத்தல். காரம் கூடக் கூட நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கும் ஊதாவுக்கும் போகுமாம். என் பில்டர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டான், பச்சையானது. "இது செத்த தண்ணி, அங்கிள்" என்றான். மெஷின் தண்ணீரில் விட்டான், ஊதா நிறம் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ராத்தா எழும்பி அலுமாரியைத் திறந்தா. மக்காவுக்கு உம்ரா போய் வந்த ஒருவர் கொடுத்த ஸம்ஸம் தண்ணீர் ஒரு குட்டிக் கேனில் துணி சுற்றி இருந்தது. மூன்றாவது கிளாஸில் ஒரு மிடறளவு ஊற்றி, "இதுக்கும் போட்டுப் பாருங்க, மகன்" என்றா.

சொட்டு விழுந்ததும் அது நீலமாகியது. ராத்தாவின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்துக்கு எதிராக எதுவும் எடுபடாது என்று அந்த நேரமே விளங்கிவிட்டது. பையன் கிளாஸ்களைச் சிங்கில் ஊற்றப் போனான். ராத்தா ஸம்ஸம் இருந்த கிளாஸை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய் மாதுளை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தா. மருந்து விழுந்த தண்ணீரைக் குடிக்க முடியாது, ஸம்ஸமைச் சாக்கடையிலும் விட முடியாது.

மற்ற எந்தத் தண்ணீரையும் நாங்கள் உட்கார்ந்து, அளவாகக் குடிப்போம். ஸம்ஸமை மட்டும் மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி எழுந்து நின்று, பிஸ்மி சொல்லி, மூன்று மூச்சில், சுகம் வேண்டுமென்று நிய்யத் வைத்து வயிறு நிறையக் குடிக்க வேண்டும் என்பார்கள். அதில் அளவு பார்ப்பது ஈமான் குறைவு, நம்பிக்கைக் குறைவு மாதிரி. ராத்தா மெஷின் தண்ணீரையும் அப்படியே குடிக்கத் தொடங்கினா. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் பெரிய கோப்பையை நிரப்பிக்கொண்டு, மேற்கே பார்த்து நின்று, கண்ணை மூடி.

"ராத்தா, டொக்டர் சொன்ன அளவு?"

"அது சும்மா தண்ணிக்கு, தம்பி. இது மருந்து."

"தண்ணி தண்ணிதானே."

"நீ உன்ட பில்டரை விட்டுக்குடுக்க மாட்டா" என்று சிரித்தா. எனக்குப் பொறாமை என்று குழாயடிப் பெண்களும் கதைத்தார்கள். கட்டாருக்கு போன் எடுத்தால் ராத்தாவின் மகள், "மாமா, உம்மா இப்பதான் சந்தோசமா இருக்கிறா" என்கிறாள். சந்தோசம் உண்மைதான். காலும் வீங்கிக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கெட்டது வெளியே வருகிறது என்றா ராத்தா.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனபோது ராத்தா கதிரையில் முன்னால் குனிந்தபடி இருந்தா. படுக்க முடியவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. முச்சக்கர வண்டியில் ஏற்றி என் தோளில் சாய்த்துக்கொண்டு புத்தளம் போனேன். வழி முழுக்க எனக்குப் பயம். வேறு எதுவும் நினைக்க முடியாத பயம்.

நெஞ்சுக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் நின்ற சிங்கள டொக்டர், எங்களோடு தமிழிலேயே கதைக்கப் பார்ப்பவர், எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டார். "வயிறு நிறைய" என்றா ராத்தா. அவர் கோபப்படவில்லை. "எந்த வத்துர, எந்தத் தண்ணி குடிச்சாலும் கணக்கு ஒண்டுதான், அம்மா" என்றார். அதன் பிறகு இரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினில் ஏற்றினார்கள். பிழைத்து வந்தா, ஆனால் அந்த மெஷினுக்கு ஒழுங்காகப் போய்வர வேண்டிய ஆளாகிவிட்டா.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் அவ திரும்பவும் அடுப்படிக்குப் போய்ப் பெரிய கோப்பையை எடுத்தா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ராத்தா, வைங்க அதை."

"தண்ணில பிழையில்ல, தம்பி. என்ட உடம்பு பழகல்ல."

என் பொறுமை போய்விட்டது. வெளியே போய், இப்போது செடிகளுக்கு மட்டும் இறைக்கிற எங்கள் பழைய கிணற்றில் ஒரு வாளி அள்ளினேன். கிளாஸில் ஊற்றி மேசையில் வைத்தேன். பையன் விட்டுப்போன சொட்டு மருந்து மெஷினுக்கு மேலேயே இருந்தது. இரண்டு சொட்டு விட்டேன்.

நீலம். ஸம்ஸம் காட்டிய அதே நீலம்.

"பாருங்க. நாம வெறுத்த கிணறு. கேத்தல் வெள்ளையாகின அதே சுண்ணாம்பு. நிறத்துக்கு வருத்தம் தெரியாது, ராத்தா. தண்ணில கல்லுக் கரைஞ்சிருக்கு எண்டு மட்டுந்தான் அது சொல்லும்." குரல் உயர்ந்துவிட்டது எனக்கே கேட்டது.

ராத்தா கிளாஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தா. அழுவா என்று நினைத்தேன். அழவில்லை. கிளாஸை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா.

"அந்தப் பொடியன் கிணத்துக்கும் போட்டுப் பாத்திருந்தா இதுதான் வந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும்" என்றா. "நானுந்தானே கேத்தல் கழுவினவ."

"அப்ப ஏன் குடிச்சீங்க?"

வெளியே யாரோ கேனை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தாகம், தம்பி" என்றா. "முகாமில எனக்குத் தாகமில்ல எண்டு செல்லிச் செல்லியே உங்க எல்லாருக்கும் ஊத்தினேன். பிறகு உப்புத் தண்ணி. அது குடிக்கக் குடிக்கத் தாகந்தான். இப்ப நீயே ஒரு பில்டரை வெச்சு ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி குடுக்கிறா, எனக்கு ஒரு போத்தலெண்டு செல்லிட்டாங்க. வயிறு நிறையக் குடிக்க எனக்கு ஒரு காரணம் வேணும். அதை என்ட புள்ள அனுப்பினா. நான் பிடிச்சிக்கிட்டேன்."

அவவுக்குத் தாகமில்லை என்று நான் நம்பியிருந்தேன். இத்தனை வருடம், ஒரு நாள்கூடச் சந்தேகப்படாமல்.

மெஷின் இப்போதும் சுவரில் இருக்கிறது. கழற்ற வேண்டாம், மகள் மனம் உடையும் என்று ராத்தா சொல்லிவிட்டா. மகள் வீடியோவில் வரும்போது அது பின்னால் தெரிகிற மாதிரி இருந்து கதைக்கிறா. கிழமைக்கிழமை இரத்தம் சுத்தம் பண்ணப் போகிறோம். அங்கேயும் மெஷினுக்குள் இரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீரை என் பில்டரில் இருப்பது போன்ற சவ்வில்தான் வடிகட்டுகிறார்களாம், பிறகு காரம் கலப்பார்களாம். தாதி சொன்னதைக் கேட்டு ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்து, "உன்ட வேலதான் இங்கயும்" என்றா.

ஒரு நாள் அங்கிருந்து வந்து களைத்துப்போய் இருந்தா. அன்றைய போத்தல் கணக்கில் கடைசி மிடறுகள்தான் மிச்சமிருக்க வேண்டும். நான் தேநீர் குடிக்கிற சின்னக் கோப்பையை எடுத்தேன்.

"எதை ஊத்த, ராத்தா? பில்டரா, மெஷினா, ஸம்ஸமா?"

"எதெண்டாலும் சரி" என்றா. "குளிரா இருந்தாப் போதும்."

குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பில்டர் தண்ணீரைக் கோப்பை நிரம்பாமல் ஊற்றிக் கொடுத்தேன். எழும்ப அவவுக்குப் பெலன் இல்லை. இருந்தபடியே மேற்குப் பக்கம் கொஞ்சம் திரும்பி, பிஸ்மி சொல்லி, அந்தச் சின்னக் கோப்பையை மூன்று மூச்சாகப் பிரித்துக் குடித்தா. குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினா.

"நீ குடிச்சியா?" என்று கேட்டா.

"எனக்குத் தாகமில்ல" என்றேன்.